வேரா, பேரா?

அம்மிணி,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "மொதல் ஓட்டு போடப் போறேன் அப்புச்சி, யாரு சொல்றத நம்பறதுன்னே தெரியல. மாமா ஒண்ணு அனுப்பறாங்க, அப்பா அதுக்கு நேரெதிரா ஒண்ணு அனுப்பறாங்க" என்றாய். "பார்த்துப் போடு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். முப்பத்துநான்கு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்த மனுஷன் சொல்கிற பதிலா அது என்று அம்மாயி அன்றைக்கு ராத்திரியே கேட்டுவிட்டாள்.

பதில் தெரியாமல் நழுவவில்லை. ஊரில் பரவும் பொய்யைப் பற்றிப் பேசுவதென்றால் நான் என் வகுப்பறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எழுதுவதில் அந்தக் கூச்சம் குறைவு.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அவிநாசிப் பக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஐந்தாவது பீரியடு என்றால் வாத்தியாருக்கும் தூக்கம், பிள்ளைகளுக்கும் தூக்கம். அப்போது கைகொடுக்க என்னிடம் ஒரு வித்தை இருந்தது. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். "சிரிக்கறீங்களே, நம்ம முன்னோர் இப்படிச் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, 'பேரை' என்பதில் நடுவே இருக்கும் 'ப'வை மட்டும் விரலால் அழித்து 'வ' ஆக்குவேன். ஆயிரம் வேரைக் கொன்றவன்! மூலிகை வேர்களைப் பிடுங்கி, இடித்து, காய்ச்சிப் பழகியவன்தான் பாதி வைத்தியன் ஆவான். காலப்போக்கில் வேர் பேராகத் திரிந்துவிட்டது. வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஒரே ஒரு எழுத்தை அழித்து எழுதியதற்கு அவ்வளவு கைதட்டல் வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும், சொல்.

1996இல் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். கடைசி பெஞ்சு, அப்பா சாயப்பட்டறையில் வேலை. எல்லாரும் கைதட்டி ஓய்ந்தபின் எழுந்து நின்றான். "ஐயா, வேரைப் புடுங்கறதக் கொல்றதுன்னு சொல்லுவாங்களுங்களா?" என்றான். நான் யோசிப்பதற்குள் இரண்டாவதையும் கேட்டான். "இது எந்தப் புஸ்தகத்துல இருக்குதுங்க?"

"பெரியவங்க சொன்னது. உக்காரு."

அதுதான் நான் கொடுத்த பதில். இப்போது வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் 'வந்ததை அனுப்பினேன்' என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் அவன் கேட்டது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கோடை லீவில் கோயமுத்தூர் போனபோது நூலகத்தில் பழமொழித் தொகுப்புகளை எடுத்துப் பார்த்தேன். நம் பழமொழிகளை முதலில் மொத்தமாக அச்சில் ஏற்றியவர்களில் பாதிரிமார் அதிகம். பீட்டர் பெர்சிவல் என்பவர் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவரும், சென்னையில் 'தினவர்த்தமானி' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரேதான். 1897இல் ஹெர்மன் ஜென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்புப் போட்டார். பிற்காலத்தில் கி.வா.ஜகந்நாதன் இருபதாயிரத்துக்கும் மேலே திரட்டினார். நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சில் இருந்தது 'பேர்'தான். ஆயிரம் ஆட்களைச் சாகடித்துப் பழகியவன் பாதி வைத்தியன் என்று வைத்தியரை நக்கலடிக்கிற பழமொழி அது. நம் பாட்டனார்களுக்கு வைத்தியர் மேல் கோபமும் இருந்தது, அதைச் சிரிப்பாக மாற்றுகிற வாயும் இருந்தது. நான் அந்த வாயைத் துடைத்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் இரண்டு வருஷம் அந்த வேர்க் கதையை வகுப்பில் சொன்னேன். ஐந்தாவது பீரியடு அப்படி.

நிறுத்திய பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது குதிரை இல்லையாம், 'மண் குதிர்', அதாவது ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டாம். எதற்கு இந்த வளைப்பு? நம் பக்கம் எந்த அய்யனார் கோயிலுக்குப் போனாலும் ஆள் உயரத்துக்கு மண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. குயவர் செய்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதன் மேல் ஏறி ஆற்றைக் கடக்கலாமா என்று கேட்பதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதைச் சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை வரும் என்கிறார்கள். நம் வீட்டு அடுப்படியில் அகப்பை தொங்குகிறது. அம்மாயியிடம் போய் அது கருப்பை என்று சொல்லிப் பார், அதாலேயே ஒன்று வைப்பாள். 'ஆறிலும் சாவு நூறிலும் சாவு' என்பதற்குக் கர்ணனையும் பாண்டவரையும் கௌரவரையும் கூட்டிவருகிறார்கள். ஒரு பிள்ளையாவது சிறுவயதில் போகாத வீடே இல்லாத காலத்தில் பிறந்த சொல் அது. ஆறு வயதிலும் சாவு வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? 'போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை, வாக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை'. இது தப்பு, 'போக்குக் கற்றவன்', 'வாக்குக் கற்றவன்' என்பதே சரி என்று ஒரு திருத்தம் உலவுகிறது. குற்றவாளியின் போக்கைக் கற்றவன் போலீஸாம், சொல்லாற்றல் கற்றவன் வாத்தியாராம். ஆசிரியர் தின விழாவில் நான் இதைச் சொன்னபோது ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். 'போலீஸ்' என்ற ஆங்கிலச் சொல் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறதே, இதில் ஆதி முன்னோர் எங்கிருந்து வந்தார் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சென்னை மாகாணத்துக்கு இப்போதைய மாதிரியான போலீஸை அமைத்த சட்டம் 1859இல்தான் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், கான்ஸ்டபிளுக்கும் திண்ணை வாத்தியாருக்கும் சொற்பச் சம்பளம் இருந்த நாளில், வேறு வழியில்லாதவன் போகிற வேலை என்று ஊரார் சிரித்த சிரிப்பு அது. நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஒப்புக்கொள்ள எங்களுக்கு மனசில்லை. அதனால் பழமொழியைத் திருத்திவிட்டோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல் பொருள் மாறுவது வேறு சங்கதி. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம், இன்றைக்கு மூக்கைப் பிடிக்க வைக்கிறது. அது மொழி நடந்து வந்த தடம், அதில் யாரும் பொய் சொல்லவில்லை. இன்னொருவர் வாயில் வராத சொல்லை அவர் சொன்னதாகச் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிறகு வெகுநாள் யோசித்தேன், இந்த 'உண்மையான அர்த்தம்' சமாசாரம் ஏன் அவ்வளவு இனிக்கிறது என்று. முதலாவது, 'நீங்கள் எல்லாரும் இத்தனை நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள்' என்று சொல்கிற சுகம். கேட்பவனுக்கும் அதே சுகம்தான், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பனிடம் சொல்லலாமே. இரண்டாவது, கூச்சமான இடத்தைப் பெருமையாக மாற்றித் தருகிறது. நம் ஆட்கள் வைத்தியரைக் கேலி செய்யவில்லை, வாத்தியாரை இளக்காரமாகப் பேசவில்லை. இந்த இரண்டும் சேர்ந்த பண்டம் எங்கே வைத்தாலும் விற்கும். உன் மாமன் அனுப்புகிறதையும் உன் அப்பா அனுப்புகிறதையும் எடுத்து இந்த இரண்டையும் தேடிப் பார். 'ஊடகங்கள் மறைத்த உண்மை' என்று ஆரம்பிக்கும், நம் ஆள் எவ்வளவு பெரியவர் என்று முடியும். இல்லாவிட்டால் அவர்கள் ஆள் எவ்வளவு சின்னவர் என்று முடியும்.

மெக்காலே கதை அப்படிப்பட்டதுதான். அதையும் நான் சுதந்திர தினக் கொடியேற்றத்தில் பேசியிருக்கிறேன், மறைக்கவில்லை. 1835 பிப்ரவரி 2ஆம் தேதி அவர் லண்டன் பார்லிமெண்டில் பேசினாராம். இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கவில்லை, ஒரு திருடனைப் பார்க்கவில்லை, இவர்களுடைய பண்பாட்டின் முதுகெலும்பை உடைக்காமல் இவர்களை வெல்ல முடியாது என்றாராம். படித்தாலே மார்பு விம்மும். ஆனால் அந்தத் தேதியில் அவர் லண்டனிலேயே இல்லை. 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, பல்லக்கில் மலை ஏறி, நம் ஊட்டியில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்துவிட்டுக் கல்கத்தா போய்ச் சேர்ந்தவர். 1835 பிப்ரவரி 2 என்பது கல்கத்தாவில் அவர் எழுதிய கல்விக் குறிப்பின் தேதி. அந்தக் குறிப்பில் இந்தப் புகழ்ச்சி கிடையாது. ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்தியாவும் அரேபியாவும் எழுதிய மொத்தத்துக்கும் ஈடு என்கிற மாதிரிதான் அதில் எழுதியிருக்கிறார். பார்த்தாயா வேடிக்கையை! அந்த மனுஷன் நிஜமாகவே நம்மைத் திட்டியிருக்கிறார், ஆதாரம் அச்சில் இருக்கிறது. அதைக் காட்டிக் கோபப்படலாம். அதை விட்டுவிட்டு அவர் சொல்லாத பாராட்டைக் கட்டிக்கொண்டு திரிகிறோம்.

தேர்தலுக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் வாத்தியார் வேலை என்றால் தேர்தல் வேலையும் சேர்த்திதான். 2009 பார்லிமெண்டுத் தேர்தலுக்கு எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி. முந்தின நாளே மெஷினையும் சாமான்களையும் வாங்கிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, விடியற்காலை ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அழித்து, சீல் வைத்து உட்கார்ந்தோம். பத்து மணிக்கு ஒரு பையன் கையில் ஒரு பிரிண்டவுட்டோடு வந்தான். "எனக்கு 49ஓ வேணும்" என்றான். கொடுத்தேன். அதாவது 17ஏ பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வாக்களிக்க விரும்பவில்லை' என்று எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினேன். 1961ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஓ என்பது அவ்வளவுதான். வந்தவன் ஓட்டுப் போடாமல் போனதற்கு ஒரு கணக்கு. அவன் போகாமல் நின்றான். "ஜெயிச்சவரோட வித்தியாசத்தைவிட 49ஓ அதிகமா இருந்தா தேர்தல் ரத்துதானுங்களே சார்?" என்றான். இல்லை தம்பி என்றேன். பிரிண்டவுட்டைக் காட்டினான். ஒருத்தர் 123 ஓட்டில் ஜெயித்து, 49ஓ அதற்கு மேல் இருந்தால் மறுதேர்தல், நின்றவர்கள் யாரும் திரும்ப நிற்க முடியாது என்று அதில் இருந்தது. 123! பாரு, 'சுமார் நூறு' என்று இருந்தால் நம்ப மாட்டோம். பொய்க்கு ஒற்றைப்படையில் ஒரு எண் வைத்தால் தெம்பு வந்துவிடுகிறது.

2013 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு மெஷினிலேயே நோட்டா பொத்தான் வந்தது. அதே பொய் பழைய சட்டையைக் கழற்றிவிட்டு நோட்டாவைப் போட்டுக்கொண்டது. நீ ஓட்டுப் போடப் போகும்போது தெரிந்துகொள். சட்டசபைக்கோ பார்லிமெண்டுக்கோ நடக்கும் தேர்தலில் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும், நின்றவர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர்.

இன்னொன்று ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வரும், இந்த முறையும் வரும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டிச் 'சேலஞ்ச் ஓட்டு' கேள், உன் ஓட்டை வேறொருத்தர் போட்டிருந்தால் 'டெண்டர் ஓட்டு' கேள், ஒரு சாவடியில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு. மூன்று வரி, மூன்றும் மூன்று தினுசு. நடுவில் இருப்பது மட்டும் நிஜம். 49பி விதிப்படி உனக்கு ஒரு வாக்குச்சீட்டுத் தருவார்கள், 2018இல் 'சர்கார்' படம் வந்தபோது ஊரெல்லாம் பேசினார்களே, அதேதான். ஆனால் அது மெஷினுக்குள் போகாது. தனி உறைக்குள் போகும், எண்ணிக்கை நாளில் எண்ண மாட்டார்கள், கோர்ட்டுக்குப் போனால்தான் அதற்கு வேலை. முதல் வரி தலைகீழ். சேலஞ்ச் என்பது வாக்காளர் கேட்பதில்லை, 'இவர் அந்த ஆள் இல்லை' என்று ஒரு கட்சி ஏஜெண்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு இல்லை. அந்த 14 சதவீதம் எந்த விதியிலும் கிடையாது. இந்தக் கலப்படத்தைப் பார்த்தால் எனக்குப் பால்காரர் ஞாபகம்தான் வரும். முழுத் தண்ணீரை ஒருத்தரும் பால் என்று ஊற்றுவதில்லை.

சரி, உன் மாமனும் உன் அப்பாவும். இரண்டு பேரிடமும் கெட்ட பெயர் வாங்கிவிடுகிறேன்.

அலைக்கற்றை விவகாரத்தில் 1,76,000 கோடியைக் 'கொள்ளையடித்தார்கள்' என்று ஒருத்தர் பத்து வருஷமாகச் சொல்கிறார். 2010இல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சொன்னது உத்தேச இழப்பு. ஏலம் விட்டிருந்தால் அரசுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று பல வழிகளில் கணக்குப் போட்டு, 57,000 கோடியில் ஆரம்பித்து 1,76,645 கோடி வரைக்கும் பல தொகைகளை அந்த அறிக்கையே கொடுத்தது. அதில் பெரியதை மட்டும் எடுத்து, 'வராமல் போயிருக்கக்கூடிய பணம்' என்பதை 'எடுத்துக்கொண்டு போன பணம்' ஆக்கிவிட்டார்கள். பேர் வேரானது இப்படித்தானே? இதைப் படித்ததும் மற்றவர் குதிக்க வேண்டாம். 2017 டிசம்பரில் தனிக்கோர்ட் எல்லாரையும் விடுதலை செய்ததை வைத்து 'ஒன்றுமே நடக்கவில்லை' என்கிறாரே, அதற்கு ஏறக்குறைய ஆறு வருஷம் முன்னால் 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 122 உரிமங்களை ரத்து செய்தது எதற்காக?

அந்தப் பக்கம் பதினைந்து லட்சம். 'ஒவ்வொருவர் கணக்கிலும் போடுகிறேன் என்று மோடி வாக்குறுதி கொடுத்தார்' என்று ஒரு கட்சி. 'பதினைந்து லட்சம் என்று அவர் சொல்லவே இல்லை' என்று இன்னொரு கட்சி. 2013 நவம்பரில் சத்தீஸ்கரின் காங்கேரில் அவர் பேசியது, வெளிநாட்டில் பதுக்கியிருக்கும் கறுப்புப் பணம் மொத்தமும் வந்தால் ஏழை ஒவ்வொருவருக்கும் பதினைந்து இருபது லட்சம் சும்மாவே கிடைக்கும் என்பது. கணக்கில் போடுகிறேன் என்று சத்தியம் செய்யவில்லை. சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கூட்டத்தில் அதைக் கேட்ட ஏழை என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான் என்று பேசினவருக்குத் தெரியாதா என்ன? அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்பதில்லை. சொன்னார், சொல்லவில்லை என்று மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இன்னும் எத்தனையோ. வழக்குப் பதிவானாலே 'குற்றவாளி' என்கிறோம், குற்றம் சாட்டப்பட்டவர் என்று சொல்ல வாய் வலிக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் 'கைது'. அதையெல்லாம் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

ஆனால் லைன் வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உன் காதுக்கு வந்திருக்காது.

2018 மே மாதம் நம் தமிழ்நாட்டில் பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸப்பில் குரல் பதிவாகச் சுற்றியது. வடக்கேயிருந்து நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறார்கள் என்று ஒரு குரல் பதறிப் பதறிச் சொல்லும். இந்தியாவில் பல ஊர்களில் அதோடு ஒரு வீடியோவும் ஓடியது, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்குவது போல. அது கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். எச்சரிக்கை வாசகம் வரும் கடைசித் துண்டை வெட்டிவிட்டார்கள். போளூர் பக்கம் அத்திமூரில், மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அதில் வயதான அம்மா ஒருவர் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றுவிட்டார்கள். அவர் பேசியது தமிழ். அவர் போனது நம் சாமி கும்பிட. அதற்குப் பிறகுதான், அந்த வருஷம் ஜூலையில், வாட்ஸப் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வைத்தது.

அந்த மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் லைன் வீட்டில் மூன்றாம் நம்பரில் பீகாரிலிருந்து வந்த குடும்பம். அண்ணன் பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறவன், தம்பி செக்கிங். அந்தக் குரல் பதிவைக் கேட்ட மறுநாள் காலையில் போய் அவர்களுடைய ஆதாரை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் செய்கிறதுதான். ஆனால் குடிவந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஏன் அன்றைக்கு மட்டும் கேட்டேன் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

2023 மார்ச்சில் அதே காற்று திரும்பி வீசியது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டிப் போடுகிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள். எங்கேயோ எதற்காகவோ நடந்த வெட்டுக்குத்தை எடுத்து இதுதான் திருப்பூர், இதுதான் கோயமுத்தூர் என்று போட்டார்கள். போலீஸ் டி.ஜி.பி. பொய் என்றார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் பொய் என்றது. அதற்குள் ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்களையும் 'உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்று படம் பிடித்துப் போட்டார்கள். மூன்றாம் நம்பர்க்காரனும் மூட்டை கட்டினான். நான் போய், "இங்க ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் பொய்" என்றேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு போனை நீட்டி வீடியோவைக் காட்டினான். 2018இல் நான் காட்டியிருக்கக்கூடிய அதே முகம். என் பேச்சை அவன் ஏன் நம்ப வேண்டும்? ஜெராக்ஸ் என் பீரோவில் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தான். அந்தக் கதை தனி.

நீ கேட்டாயே, யாரை நம்புவது என்று. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கேட்ட இரண்டைத்தான் நான் இப்போது கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சொல்லை இப்படிச் சொல்வார்களா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? முதல் கேள்வியிலேயே பாதி விழுந்துவிடும். ஒரு செய்தி எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டால், ஆஹா என்று யாருக்காவது அனுப்பக் கை பரபரத்தால், அன்றைக்கு அதை அனுப்புவதில்லை. என் கை பரபரப்பை எனக்கு நன்றாகத் தெரியும், கரும்பலகைக் காலத்துப் பழக்கம்.

அடுத்தவரைத் திருத்துவதில் மட்டும் இன்னும் தேறவில்லை. போன வருஷம் குடும்ப குரூப்பில், நாற்பது பேர் பார்க்க, உன் மாமன் போட்டதைப் பொய் என்று ஆதாரத்தோடு எழுதினேன். அவன் குரூப்பை விட்டே போய்விட்டான். மூன்று மாதம் எனக்குப் போனும் பண்ணவில்லை. "உண்மையா முக்கியம், பையனா?" என்று அம்மாயி கேட்டாள். இப்போது தப்பாக ஏதாவது வந்தால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இது எங்கிருந்துப்பா வந்துச்சு? எனக்கும் வேணும்" என்கிறேன். தேடிப் பார்க்கிறான். சிலசமயம் அவனாகவே அழித்துவிடுகிறான். சிலசமயம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஐயா, என்னைத் தெரியுதுங்களா? உங்ககிட்டப் படிச்சவங்க" என்றாள். தெரியவில்லை, தெரிகிறது என்றேன். பக்கத்தில் பத்து வயதில் ஒரு பேரன். "இவருதான்டா எங்க தமிழய்யா. அந்தப் பழமொழி சொல்லுவேனே, ஆயிரம் வேரு, அது இவரு சொல்லிக் குடுத்ததுதான்" என்றாள். அந்தப் பையன் இலையிலிருந்து நிமிர்ந்து முழுசாக ஒப்பித்தான். மூலிகை, இடிப்பது, காய்ச்சுவது, திரிந்தது, ஒன்று விடவில்லை. அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அது தப்பும்மா. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். பேருதான் சரி" என்றேன். அவள் சிரித்தாள், நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டாள். "ஐயாவுக்கு எப்பவும் இந்தக் குறும்பு" என்றாள். பாயசம் வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டேன். 1980 வாக்கில் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், 1998 வரைக்கும் சொன்னேன். வருஷத்துக்கு இரண்டு செக்ஷன், செக்ஷனுக்கு நாற்பது பிள்ளைகள். பதினெட்டு வருஷம். 1,440 பேர். வாட்ஸப்பில் ஐந்து பேருக்கு மேல் போகாது என்கிறார்கள்.